வெல்டர் பிரிவில் நான்கு பேர்: டெல்டாவில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தின் சேர்க்கை அனுபவம்

பின்னணி

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகிய நான்கு மாவட்டங்களில் ஒன்றில் உள்ள அரசினர் தொழிற்பயிற்சி நிலையம் (ஐ.டி.ஐ.) இது. எந்த ஊர் என்பது இந்த ஆய்வுக்குத் தேவையில்லை. ஆட்களின் பெயர்களையும் விட்டுவிடுகிறேன். அங்கே நான் பயிற்சி அலுவலராக இருந்த மூன்று ஆண்டுகளில் சேர்க்கைப் பொறுப்பும் என் தலையில்தான் இருந்தது. மக்கள் தொடர்புக்கென்று தனி ஆளோ தனி நிதியோ கிடையாது. நோட்டீஸ் அடிக்க வேண்டுமென்றால்கூட மேலாண்மைக் குழுவிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

நான்கு பிரிவுகள்: எலக்ட்ரீசியன், பிட்டர், வயர்மேன், வெல்டர். ஒவ்வொன்றுக்கும் 20 இடம், ஆக 80. வெல்டர் ஓராண்டுப் படிப்பு, மற்றவை இரண்டாண்டு. எலக்ட்ரீசியனுக்கும் பிட்டருக்கும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். வயர்மேனுக்கும் வெல்டருக்கும் எட்டாம் வகுப்பு போதும்.

2022 சேர்க்கை முடிந்தபோது 80 இடங்களில் 37 பேர் இருந்தார்கள். எலக்ட்ரீசியன் 18, பிட்டர் 9, வயர்மேன் 6, வெல்டர் 4. வெல்டர் கூடத்தில் பத்துத் தடுப்புகள். நாலு பையன்கள் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து ராடு வைத்துக்கொண்டிருந்தார்கள். ஆள் சேராத பிரிவை மூடிவிடுவார்களோ என்ற பேச்சு பயிற்றுநர்களிடையே அப்போதே தொடங்கிவிட்டது. இந்த முயற்சிக்கு எங்களைத் தள்ளியது அந்தப் பயம்தான். ஊர்ப் பிள்ளைகளின் எதிர்காலத்தை நினைத்துத் தொடங்கினோம் என்று எழுதினால் பொய்யாகிவிடும்.

2022-இல் செய்தவை

அந்த ஆண்டும் நாங்கள் சும்மா இருந்துவிடவில்லை. பேருந்து நிலையத்தில் ஒரு பிளெக்ஸ் வைத்தோம், ஆட்டோவில் மைக் கட்டி இரண்டு நாள் சுற்றினோம், 3,000 நோட்டீஸ் கொடுத்தோம். நோட்டீஸின் மேல்பாதி முழுக்க விருந்தினர்கள், அலுவலர்களின் பதவிப் பெயர்கள். கீழ்ப்பாதியில் 'அரிய வாய்ப்பு', 'ஒளிமயமான எதிர்காலம்' போன்ற வரிகள். மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, இலவசப் பேருந்து அட்டை, மிதிவண்டி, சீருடை, காலணி, பாடநூல், வரைபடக் கருவிகள் ஆகியவை அரசு நிலையப் பயிற்சியாளர்களுக்குக் கிடைக்கும் என்ற செய்தி கடைசி வரியில் பொடி எழுத்தில் இருந்தது. வயர்மேனுக்கும் வெல்டருக்கும் எட்டாம் வகுப்பு போதும் என்பது அதில் இல்லவே இல்லை. அந்த நோட்டீஸை எழுதியவன் நான்தான்.

விசாரித்தபோது தெரிந்தது

2023 ஜனவரியிலும் பிப்ரவரியிலும் நானும் வயர்மேன் பயிற்றுநரும் சனிக்கிழமைகளில் வீடு வீடாகப் போனோம். விண்ணப்பித்துவிட்டு வராதவர்கள், வந்து சேர்ந்தவர்கள் என இரு சாராரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டோம்: எங்கே சேர்வது என்று முடிவு செய்தது யார்?

பையன்தான் முடிவு செய்தான் என்று எந்த வீட்டிலும் சொல்லவில்லை.

பல வீடுகளில் அம்மா. சில வீடுகளில் தாய்மாமன். சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ ஒரு ஆள் இருக்கும் வீடு என்றால், ஞாயிற்றுக்கிழமை அவர் போனில் சொல்வதுதான் முடிவு. இதெல்லாம் ஓரளவு எதிர்பார்த்ததுதான். நாங்கள் எதிர்பார்க்காத ஆள் ஒருவர் இருந்தார். கடைத்தெருவில் பிரவுசிங் சென்டர் வைத்திருப்பவர்.

விண்ணப்பம் முழுவதும் ஆன்லைனில். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அவர்தான் நிரப்பிக் கொடுக்கிறார். அவரிடம் கேட்டபோது மறைக்காமல் சொன்னார்: "பையன் வாயத் தெறந்து என்ன வேணும்னு சொல்ல மாட்டான் சார். 'நல்லதாப் போடுங்கண்ணே'ம்பான். எனக்குத் தெரிஞ்சது எலக்ட்ரீசியன். அத மொதல்ல போட்ருவேன். பிட்டர்னா என்னன்னு எனக்கே தெரியாது." எலக்ட்ரீசியன் நிரம்பி மற்றவை காலியாகக் கிடந்ததற்கு இது ஒரு நேரடியான காரணம். நாங்கள் 3,000 நோட்டீஸ் கொடுத்தோம். அவருக்கு ஒன்றுகூடக் கொடுக்கவில்லை.

அம்மாக்களிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்வி, "ப்ளஸ் டூ இல்லாமப் போயிடுமே சார்?" என்பது. பத்தாம் வகுப்புக்குப் பிறகு இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்து, தமிழும் ஆங்கிலமும் தனித்தேர்வாக எழுதித் தேறினால் அதைப் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையாகக் கொள்ளலாம் என்று அரசாணை இருக்கிறது. பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டிலும் சேரலாம். இரண்டில் எதுவும் நாங்கள் போன வீடுகளில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. எங்கள் பயிற்றுநர்களிலேயே இருவருக்குத் தெரியாது என்பது பிறகு தெரியவந்தது.

அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் வெளிப்படையாகவே பேசினார். "என் பள்ளிக்கூடத்துல ப்ளஸ் ஒன் கணக்கு குரூப்புக்கே ஆள் இல்ல. நான் எப்படி உங்ககிட்ட அனுப்புவேன்? பெயிலானவனை வேணா அனுப்புறேன்." அவர் சொன்னது நியாயம். அந்த உதவியை நாங்கள் ஏற்றுக்கொண்டால், ஐ.டி.ஐ. என்றாலே படிப்பு ஏறாதவன் போகும் இடம் என்ற ஊர்ப்பேச்சை நாங்களே மெய்யாக்கியது போலாகும். உதறிவிட்டாலோ, பத்தாம் வகுப்பில் தவறிவிட்டு அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் திருப்பூருக்கு பஸ் ஏறும் பிள்ளைக்கு, எட்டாம் வகுப்புத் தகுதியில் ஒரு தொழில் கற்கலாம் என்று சொல்ல ஆளிருக்காது. எங்களுக்குள் நீண்ட விவாதம் நடந்தது இதைப் பற்றித்தான்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மார்ச்சில் முதல்வரும் பயிற்றுநர்களும் உட்கார்ந்து பேசினோம். பிளெக்ஸும் மைக்கும் வேண்டாம் என்பதை எல்லோரும் உடனே ஒப்புக்கொண்டார்கள். பணமும் மிச்சம்.

அதற்குப் பதிலாக ஒரே ஒரு தாள். வீடுகளில் கேட்ட கேள்விகளை அதே வார்த்தைகளில் போட்டு, கீழே பதில். 'ப்ளஸ் டூ இல்லாமப் போயிடுமா?', 'பிட்டர்னா என்ன வேலை?', 'பொம்பளப் புள்ள வெல்டிங் படிக்கலாமா?', 'படிச்சா வேலை நிச்சயமா?' என்று. கடைசிக் கேள்விக்கு எழுதிய பதிலைப் பற்றித்தான் கருத்து வேறுபாடு. பொன்மலை ரயில்வே பணிமனையும் திருச்சி பெல் நிறுவனமும் ஐ.டி.ஐ. முடித்தவர்களை அப்ரண்டிஸாக எடுக்கின்றன. 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின்படி அது பயிற்சிதான், நிரந்தர வேலை அல்ல என்று எழுதினேன். "இப்படி எழுதினா எவன் வருவான்?" என்றார் பிட்டர் பயிற்றுநர். டெல்டாவில் அப்ரண்டிஸ் என்றாலே ரயில்வே வேலை கிடைத்துவிட்டது என்று பொருள். அதை ஏன் நாமே கெடுக்க வேண்டும் என்பது அவர் வாதம். அவருடைய அனுபவம் என்னுடையதைவிடப் பெரியது. ஆனாலும் முதல்வர் என் பக்கம் நின்றார்.

தாளைக் கொடுக்கவேண்டிய இடங்களையும் சுருக்கினோம். சுற்றுவட்டார பிரவுசிங் சென்டர்களும் இ-சேவை மையங்களும் முதலில். பத்தாம் வகுப்பு ஆசிரியர்கள் அடுத்து. பத்தாவதில் தவறிய பிள்ளைகளுக்கான தகவலைத் தாளிலோ மேடையிலோ பெரிதாகச் சொல்வதில்லை, தலைமையாசிரியர் தரும் விவரத்தை வைத்து நேரில் வீட்டுக்குப் போய்ச் சொல்வது என்று முடிவானது. ஊர் முன்னால் 'பெயிலானவர்களே வாருங்கள்' என்று கூப்பிட்டால் பாஸானவனும் வரமாட்டான், பெயிலானவனும் வரமாட்டான்.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவரிடம் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு ஒன்று கேட்டோம். டெஸ்ட் அடித்து, அதாவது தொழில்திறன் தேர்வில் தேறி, சிங்கப்பூர் போவது இந்தப் பகுதியில் குடும்பங்களின் கனவு; ஏஜெண்டிடம் பணம் கட்டுவதற்கு முன் கையில் தொழில் இருந்தால் என்ன வித்தியாசம் என்று அவர் பேசினார். நன்றாகப் பேசினார். நடுவில் தன் சம்பளத்தையும் சொல்லிவிட்டார். அந்த இடத்தை வெட்டச் சொன்னேன். அது ஒருவருடைய சம்பளம். கேட்பவர்கள் எல்லோருக்குமான வாக்குறுதியாக எடுத்துக்கொள்வார்கள்.

மே தினக் கிராம சபையும் கேஜ்வீலும்

பத்தாம் வகுப்புத் தேர்வு ஏப்ரல் 20-இல் முடிந்தது. முடிவு மே 19-இல் வந்தது. இடையில் மே 1-ஆம் தேதி கிராம சபை. ஊராட்சித் தலைவர்களிடம் முன்கூட்டியே கேட்டு, ஆறு ஊர்களில் பத்து நிமிடம் வாங்கினோம். நாங்கள் யாரும் பேசவில்லை. அந்தந்த ஊரிலிருந்தோ பக்கத்து ஊரிலிருந்தோ வந்து படிக்கும் பையன் ஒருவன் பேசினான். இரண்டு பேர் நன்றாகப் பேசினார்கள், ஒருவன் மைக்கைப் பிடித்தபடி அழுதுவிட்டான். நூறு நாள் வேலைக்குக் கூலி வரவில்லை என்ற சண்டையில் ஒரு ஊரில் எங்கள் முறை வரவேயில்லை.

வெல்டர் பிரிவுக்கு மட்டும் வேறு யோசனை. மே மாதத்தில், குறுவைக்குச் சேற்றுழவு தொடங்கும் முன், சேற்றில் ஓட்ட டிராக்டரில் மாட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரங்களான கேஜ்வீல்களைப் பற்றவைத்துச் சரிசெய்வது இந்தப் பகுதியில் வழக்கம். எங்கள் நான்கு பயிற்சியாளர்களையும் ஒரு கிராமத்துக்கு அழைத்துப்போய் இலவசமாகப் பற்றவைத்துக் கொடுத்தால் ஊர் பார்க்கும் என்று நினைத்தோம். நோட்டீஸும் அடித்துவிட்டோம். இரண்டு விஷயங்களை யோசிக்கவில்லை. கோயில் திடலில் வெல்டிங் செட் ஓட்ட மின்சாரம் கிடையாது. தற்காலிக இணைப்பு வாங்க நாளாகும். இன்னொன்று, அந்தச் சாலையில் லேத் பட்டறை வைத்திருந்தவர் கோபமாக நிலையத்துக்கே வந்துவிட்டார்.

"வருஷத்துல எனக்கு ஓடுறதே இந்த இருவது நாளுதான் சார். அதையும் கவர்மெண்டு ஃப்ரீயா செஞ்சு குடுத்தா நான் கடையப் பூட்டிட்டுப் போயிடவா?"

அவருக்குப் பதில் சொல்ல எங்களிடம் எதுவும் இல்லை. மூன்று நாள் கழித்து நாங்களே அவர் பட்டறைக்குப் போனோம். முகாமை அங்கேயே வைப்பது, கூலி அவருக்கே, எங்கள் பையன்கள் அவர் கண்பார்வையில் வேலை செய்வது, பயிற்றுநர் கூட இருப்பது என்று பேசி முடித்தோம். கண்ணாடி, கையுறை, தோல் ஏப்ரன் இல்லாமல் பையன்கள் தொடமாட்டார்கள் என்பது எங்கள் நிபந்தனை. அவர் சிரித்தார், வெறும் கூலிங் கிளாஸோடு இருபது வருடம் ஓட்டியவர்.

ஆறு நாள் நடந்தது. கேஜ்வீல் கொண்டுவந்த விவசாயிகள் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். முதல் நாள் ஒருவர், "படிக்கிற பய கையில குடுக்காதய்யா, வயல்ல போயி பிட்டுக்கும்" என்று பட்டறைக்காரரிடமே கொடுத்தார். நான்காம் நாள் அதே ஆள் பையனிடம், "தம்பி, எந்த ஊரு? யாரு வூட்டுப் புள்ள?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார். திருவாரூர் ஆழித்தேரின் இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் திருச்சி பெல்லில் செய்தவை என்று எங்கள் பயிற்றுநர் சொல்ல, அன்றைக்கு முழுக்க பட்டறையில் அதுதான் பேச்சு. நோட்டீஸில் போட்டிருந்தால் யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

நாளிதழில் வந்த செய்தி

கடைசி நாள் சிறு நிறைவு நிகழ்ச்சி. வந்திருந்த சிறப்பு விருந்தினர் உற்சாகத்தில், இங்கே படித்தால் நூறு சதவீதம் வேலை என்று பேசிவிட்டார். மறுநாள் உள்ளூர்ப் பதிப்பில் அதுவே தலைப்பு. நிருபர் மீது தவறில்லை. மேடையில் சொன்னதைத்தான் எழுதினார். நாங்கள் அவர் கையில் எழுத்தில் எதையும் கொடுத்திருக்கவில்லை.

இரண்டு நாள் போன் நிற்கவில்லை. நிலையத்தில் பாதிப் பேருக்குச் சந்தோஷம், கேட்காமலே விளம்பரம். திருத்தம் கேட்டால் விருந்தினருக்கு மனவருத்தம், நிருபருக்கும் சங்கடம், அடுத்த முறை அவர் வரமாட்டார் என்றார்கள். முதல்வர் நிருபருக்குப் போன் செய்தார். நான்கு வரித் திருத்தம் ஒரு வாரம் கழித்து உள்பக்கத்தில் வந்தது. தலைப்பைப் படித்தவர்களில் எத்தனை பேர் அதைப் பார்த்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது. போனில் கேட்டவர்களுக்கெல்லாம் நாங்களே தனித்தனியாக விளக்கினோம். அதன்பின் சிலர் எங்கள் பக்கம் திரும்பவில்லை.

சேர்க்கை

ஆன்லைன் கலந்தாய்வும் அதன் பிறகான நேரடிச் சேர்க்கையும் முடிந்தபோது 61 பேர். எலக்ட்ரீசியன் 19, பிட்டர் 15, வயர்மேன் 14, வெல்டர் 13. வெல்டரில் சேர்ந்த 13 பேரில் 7 பேர் பட்டறை இருந்த சாலையை ஒட்டிய ஊர்க்காரர்கள். பிரவுசிங் சென்டர்காரர் தாளைச் சுவரில் ஒட்டிவைத்து, பிட்டரைக் காட்டி, "மெஷின் பார்ட்ஸை ராவிப் பொருத்துற வேலைடா" என்று விளக்கிக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன்.

பெண்கள் மூவர் சேர்ந்தார்கள். முந்தைய ஆண்டு ஒருவரும் இல்லை. இருவர் பத்தாம் வகுப்பு முடித்தவர்கள். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் ஐ.டி.ஐ. படிப்புக்கும் உண்டு என்று தாளில் இருந்ததைப் பார்த்து வந்தவர்கள். மூன்றாமவர் 36 வயதுத் தாய். ஆண்களுக்கு 40 வயது வரம்பு உண்டு, பெண்களுக்கு வரம்பே இல்லை என்பதைக் கிராம சபையில் கேட்டுவிட்டு, வயர்மேன் பிரிவில் சேர வந்தார். வகுப்பில் எல்லோருக்கும் அக்கா.

தீபாவளிக்குப் பிறகு

2023-இல் மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்தது. கர்நாடகத்திலிருந்து தண்ணீர் போதுமான அளவு வரவில்லை. பல இடங்களில் குறுவை காய்ந்தது. அக்டோபர் 10-இல் அணையை மூடினார்கள். சம்பா வைப்பதா வேண்டாமா என்று ஊரே குழம்பி நின்றது. எங்கள் வருகைப் பதிவேட்டில் அது நவம்பரில் தெரிந்தது. தீபாவளிக்கு ஊர் போன பிள்ளைகளில் சிலர் திரும்பவில்லை. விசாரித்தால் திருப்பூர் என்றார்கள். வீட்டில் வருமானம் நின்றுபோனால் மாதம் 750 ரூபாயை வைத்துக்கொண்டு ஒரு பையனை இரண்டு வருடம் உட்கார வைக்க முடியாது.

எல்லாவற்றையும் தண்ணீர் மேல் போட்டுவிடவும் முடியாது. விலகிய 13 பேரில் 5 பேர் ஒரே தடத்தின் மூன்று ஊர்களைச் சேர்ந்தவர்கள். அந்தத் தடத்தில் முதல் பஸ் எங்கள் வாசலுக்கு வரும்போது மணி 9.10. வகுப்பு தொடங்குவது 8.30. தினமும் தாமதம், தினமும் திட்டு, வருகை குறைந்தால் உதவித்தொகை நிற்கும். அந்த ஊர்களுக்குப் போய் 'பஸ் பாஸ் இலவசம்' என்று சொன்ன நாங்கள், பஸ் எத்தனை மணிக்கு என்று பார்க்கவில்லை.

பெண்களில் ஒருவர் டிசம்பரில் நின்றார். காரணத்தை அந்த 36 வயதுத் தாய்தான் சொன்னார். பெண்கள் கழிப்பறை பழைய மோட்டார்களைப் போட்டுவைக்கும் அறையாக மாறி, பூட்டிக்கிடந்தது. பிள்ளைகள் எதிர் வீட்டில் கேட்டுப் போய்க்கொண்டிருந்திருக்கிறார்கள். "நீங்க கூப்ட்டீங்க, வந்தோம் சார். வந்தா எங்க போறதுன்னு யோசிக்கலையா?" என்றார். மறுநாளே காலி செய்தோம். அதற்கு ஒரு நாள்தான் பிடித்தது. நாலு மாதம் யாரும் கவனிக்கவில்லை. நின்ற பெண் திரும்பி வரவில்லை.

பொங்கலுக்கு 48 பேர் இருந்தார்கள். முந்தைய ஆண்டு இதே சமயத்தில் 37-இல் 31. எண்ணிக்கை கூடியது உண்மை. விலகியவர்களின் பங்கும் கூடியது.

2024

மே மாதம் ஒரு தகப்பனார் பழைய நாளிதழ்த் துண்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். மூத்தவன் வெல்டர் முடிக்கப்போகிறான், நூறு சதவீத வேலை எங்கே என்று கேட்டார். உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்துப் பேசினோம். அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும். அந்தப் பையன் பிறகு அதே லேத் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தான். இளையவனை அவர் எங்களிடம் அனுப்பவில்லை.

அந்த ஆண்டு செய்தியாளர்களுக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுத்தில் கொடுத்தோம். விருந்தினருக்கும் முன்கூட்டியே ஒரு பிரதி. பஸ் விஷயமாக மூன்று ஊராட்சித் தலைவர்களின் கையெழுத்தோடு போக்குவரத்துக் கிளைக்கு மனு கொடுத்தோம்; மூன்று முறை அலைந்த பிறகு ஒரு நடையை முன்னே மாற்றிக் கொடுத்தார்கள். சேர்ந்தவர்கள் 66 பேர். 2025 பொங்கலில் 59 பேர் இருந்தார்கள். இதை முழுக்க எங்கள் வேலையின் பலன் என்று எழுத மனம் வரவில்லை. 2024 ஆகஸ்டில் மாணவர்களுக்கும் மாதம் 1,000 ரூபாய் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டம் தொடங்கியது. 750-ஓடு அது சேர்ந்தபோது வீட்டுக் கணக்கே மாறியது. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எங்களிடம் வழியில்லை.

மாற்றிச் செய்வதாக இருந்தால்

வீடு வீடாகப் போய்க் கேட்டதை 2022-க்கு முன்பே செய்திருப்பேன். ஒரு ரூபாய் செலவில்லாத வேலை அது. வெளியே போய் ஆள் கூப்பிடுவதற்கு முன், சேரப்போகிற பிள்ளையின் கண்ணோடு நிலையத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்திருப்பேன்: முதல் பஸ், கழிப்பறைச் சாவி, குடிதண்ணீர். மக்கள் தொடர்பு என்ற பெயரில் நாங்கள் செய்ததில் முக்கால் பங்கு எங்கள் பக்கத்துச் செய்தியைக் கொண்டுபோனதுதான். அங்கிருந்து வந்த செய்தியைக் கேட்க ஒரு ஆளை நியமிக்கவில்லை. 36 வயதுத் தாய் தானாக வாயைத் திறந்ததால் ஒரு விஷயம் தெரிந்தது.

பட்டறைக்காரரை முதலிலேயே போய்ப் பார்த்திருக்க வேண்டும். கிராம சபையில் பேசிய பையன்களுக்கு இரண்டு முறையாவது ஒத்திகை கொடுத்திருக்க வேண்டும்; அழுதவன் அதன் பிறகு ஒரு வாரம் வரவில்லை. பத்தாவதில் தவறிய பிள்ளைகளின் வீட்டுக்குப் போனது சரிதானா என்பதில் மட்டும் எனக்கு இன்னும் தெளிவில்லை. அப்படிச் சேர்ந்த ஒன்பது பேரில் ஐந்து பேர் முடித்தார்கள். பிட்டர் பயிற்றுநர் அதை வைத்து என்னோடு இன்றும் வாதம் செய்கிறார்.

தாளில் இப்போது ஒரு புதிய கட்டம் இருக்கிறது. சுற்றியுள்ள ஒவ்வொரு ஊரின் பெயரும், அங்கிருந்து காலை முதல் பஸ் புறப்படும் நேரமும். 2025-க்கு அச்சடித்தபோது நான்கு ஊர்களுக்கு எதிரே அந்த இடத்தில் 'பஸ் இல்லை, மிதிவண்டி' என்று போட வேண்டியிருந்தது.